மூளையைச் செதுக்கும் காவலர்

கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்குச் செல்லும் வழியில், நகரத்தின் எல்லையைத் தாண்டியதும் வருவது தாராசுரம். பட்டுத் தறிகளின் ஓசை கேட்கும் தெருக்களைக் கடந்து சென்றால் ஐராவதேசுவரர் கோயிலை அடையலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த கோயில் அது. தஞ்சைப் பெரிய கோயிலைப்போல வானை அளாவி நிற்பதன்று. அளவிற் சிறியது, வேலைப்பாட்டிற் பெரியது. சக்கரமும் குதிரையும் பூட்டிய தேரைப்போல் அமைந்த மண்டபமும், அறுபத்துமூவர் வரலாற்றைச் சொல்லும் சிறு சிறு சிற்பங்களும் காண்போர் நெஞ்சை அள்ளும். 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இக்கோயிலும் சேர்க்கப்பட்டது.

அங்கே ஒரு புடைப்புச் சிற்பம் உண்டு. யானை ஒன்றும் காளை ஒன்றும் எதிரெதிரே நிற்கின்றன. உடல் இரண்டு, தலை மட்டும் ஒன்றே. காளையின் உடலைக் கையால் மறைத்துப் பார்த்தால் அத்தலை யானையின் தலை. யானையின் உடலை மறைத்துப் பார்த்தால் அதே தலை காளையின் தலை. சிற்பி கல்லில் எதையும் மாற்றவில்லை. மாறுவது நம் கை மறைக்கும் இடமே.

இச்சிற்பத்தை நான் பலமுறை கண்டு வியந்ததுண்டு. ஒருமுறை கல்லூரி மாணவர் சிலரோடு அங்கே நின்றிருந்தபோது, அவர்களுள் ஒருவர், “ஐயா, இதில் உண்மையான விலங்கு எது?” என்று கேட்டார். “இரண்டும் உண்மையே. ஒன்றை மறைத்தால்தான் மற்றொன்று பொய்யாகத் தோன்றும்” என்றேன். அவ்விடை என் வாயிலிருந்து வந்தபோதே, உயிர் நூல் வரலாற்றில் நான் படித்திருந்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. நம் மூளைக்குள் வாழும் ஒருவகை அணுக்களை அறிஞர் உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒரு கையால் மறைத்துக்கொண்டே பார்த்துவந்தது. அவற்றைக் காவலர் என்று கண்டது. சிற்பியர் என்று காணவில்லை. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தலைப்பிரட்டையைப்பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் அவை கருமணி சிதறினாற்போல் நீந்தித் திரியும். சில வாரங்களில் கால் முளைக்கும், வால் குறுகும், பிறகு வாலே இராது. தவளை கரையேறிவிடும். அந்த வால் அறுந்து விழுவதில்லை. தண்ணீரில் மிதப்பதும் இல்லை. அப்படியானால் அஃது எங்கே போயிற்று? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் உருசிய நாட்டு அறிஞர் எலியா மெச்னிகாவ்.

மெச்னிகாவ் மருத்துவர் அல்லர். கருவிலிருந்து உயிர் எங்ஙனம் உருப்பெறுகிறது என்பதை ஆராய்ந்தவர். 1882-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மெசினா நகரில், கடற்கரையை அடுத்த ஒரு வீட்டில் தங்கியிருந்தார். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் விண்மீன் உயிரியின் இளங்குஞ்சு ஒன்றில் ரோசா முள்ளைக் குத்தி வைத்து, மறுநாட் காலையில் நுண்காட்டியில் பார்த்தார். உடலுள் அலைந்து திரியும் அணுக்கள் பல அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி உடலைக் காக்கும் அணுக்கள் உண்டு என்னும் கொள்கை அன்று பிறந்தது. ‘விழுங்கணு’ என்று நாம் அவற்றை அழைக்கலாம். நோய்த்தடுப்பு அறிவின் தந்தையருள் ஒருவராக அவர் போற்றப்படுவதற்கும், 1908-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றதற்கும் அதுவே காரணம்.

ஆனால் முள்ளின் கதையை நினைவில் வைத்த உலகம், வாலின் கதையை மறந்துவிட்டது. மெச்னிகாவ் அடுத்த ஆண்டே தலைப்பிரட்டையின் வாலையும் ஆராய்ந்தார். விழுங்கணுக்கள் அங்கே பகைவரோடு போரிடவில்லை. பயன் முடிந்த வாலின் தசையை விழுங்கிக்கொண்டிருந்தன. அதாவது, தலைப்பிரட்டையைத் தவளையாக்கும் வேலையில் அவையும் பங்குகொண்டன. கருவளர்ச்சி நூலில் தோய்ந்த அவர் கண்ணுக்கு, விழுங்கணு என்பது உடலைக் காப்பதோடு உருவாக்குவதுமான ஒன்றாகவே தெரிந்தது. யானையும் காளையும் ஒரே தலையில் இருந்ததை அவர் தொடக்கத்திலேயே கண்டார் எனலாம். பின்வந்தவர்கள் ஒன்றை மறைத்துவிட்டனர்.

இனி, மூளைக்கு வருவோம். நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று இன்றைய கணக்குச் சொல்கிறது. அவற்றைச் சூழ்ந்து வேறுவகை அணுக்களும் நிறைந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ அவற்றை ‘நரம்புப் பசை’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘கிளியா’ என்றால் பசை. நரம்பணுக்களை ஒட்டி வைக்கும் காரை என்பதே அக்காலக் கருத்து. கட்டடத்தைப் பார்ப்பவன் கல்லைப் பார்ப்பானேயன்றிக் காரையை உற்று நோக்குவானா? ஆகவே நெடுங்காலம் அந்தப் பசை அணுக்கள் பெரிதும் மதிப்பற்றுக் கிடந்தன.

இசுப்பானிய நாட்டு மேதை சந்தியாகோ ரமோன் இ கஹால் நரம்பணுக்களின் வடிவை வரைந்து காட்டி 1906-இல் நோபெல் பரிசு பெற்றவர். அவர் 1913-ஆம் ஆண்டளவில் மூளையில் நரம்பணு ஒன்று, விண்மீன் வடிவப் பசையணு இரண்டு, இவற்றைத் தவிர ‘மூன்றாம் பொருள்’ ஒன்றும் உண்டு என எழுதினார். அவர் கையாண்ட சாயத்தில் அம்மூன்றாம் பொருளின் அணுக்கள் கிளையும் கொடியுமின்றி உருண்டைப் புள்ளிகளாகவே தோன்றின. அவை என்ன, எங்கிருந்து வந்தன, என்ன செய்கின்றன என்பன விளங்கவில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் கஹாலின் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த இளைஞர் பியோ தெல் ரியோ ஓர்தேகா. மெச்னிகாவ் முள்ளைக் குத்திப் பார்த்த அதே 1882-இல் பிறந்தவர் அவர். வெள்ளிக் கார்பனேட்டைக்கொண்டு புதுவகைச் சாயமேற்றும் முறை ஒன்றை அவர் கண்டுபிடித்தார். அதில் மூளையின் மெல்லிய சீவலை நனைத்தபோது, உருண்டைப் புள்ளிகளாகத் தெரிந்தவற்றினின்று நுண்ணிய கிளைகள் வெளிப்பட்டன. மூன்றாம் பொருள் உண்மையில் இருவகை அணுக்களின் கலப்பு என்பது தெளிவாயிற்று. அவற்றுள் சிறியனவற்றுக்கு 1919-இல் அவர் இட்ட பெயர் ‘மைக்ரோகிளியா’. ‘சிறு பசையணு’ என்பது பொருள். பெயரில் பசை ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவை பசையல்ல என்பதை அவரே காட்டினார். மூளையில் காயமோ நோயோ உண்டானால் அச்சிற்றணுக்கள் கிளைகளைச் சுருக்கிக்கொள்ளும், உருண்டு திரளும், நகரும், அழிந்த பொருளை விழுங்கும். மெச்னிகாவ் கண்ட விழுங்கணுவின் உறவினரே மூளைக்குள்ளும் வாழ்கின்றனர் என்பது இதனால் புலனாயிற்று.

ஓர்தேகா மற்றொன்றும் கண்டார். இவ்வணுக்கள் மூளையிலேயே பிறந்தவை அல்ல. வளரும் கருவில், வெளியிலிருந்து மூளைக்குள் புகுந்து பரவுகின்றன என்றார். நோயே இல்லாத இளமூளையில் இவை எதற்காகக் கூட்டமாகக் குடிபுக வேண்டும்? காவலர் மட்டுமே என்றால், பகைவர் வருமுன்னே இத்தனை பேர் ஏன்? இக்கேள்வி அன்றே எழுந்திருக்கலாம். ஆனால் காலம் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

அந்த மனிதரின் வாழ்க்கையும் நாம் அறியத்தக்கது. புதிய அணுக்களைப்பற்றி ஆசிரியருக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை உண்டாயிற்று. ஸ்காத்லாந்து அறிஞர் ஒருவர் முன்னரே இவற்றைக் கண்டார் எனக் கஹால் எழுதியது ஓர்தேகாவின் மனத்தைப் புண்படுத்தியது. 1920-இல் அவர் கஹாலின் ஆய்வகத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. மத்ரித் நகரிலேயே மாணவர் இல்லம் ஒன்றில் சிறு ஆய்வகம் அமைத்து வேலையைத் தொடர்ந்தார். 1936-இல் இசுப்பானிய உள்நாட்டுப் போர் மூண்டது. அவர் பாரிசுக்கும் ஆக்சுபோர்டுக்கும் சென்று, இறுதியில் கடல் கடந்து அர்ஜென்டினாவை அடைந்தார். 1945-இல் புயனோஸ் அயர்ஸ் நகரில் காலமானார். ஓர் அறிஞன் நாடிழந்தால் அவன் தொடங்கிய கேள்விகளும் வீடிழக்கின்றன. மைக்ரோகிளியாவைப்பற்றிய ஆராய்ச்சி பிறகு பல ஆண்டுகள் மந்தமாகவே நடந்தது.

அந்த மந்தத்திற்குக் கருத்துலகிலும் ஒரு காரணம் இருந்தது. 1948-இல் ஆங்கிலேய அறிஞர் பீட்டர் மெதவார், ஒரு முயலின் மூளையில் வேறொரு முயலின் தோல் துண்டை வைத்து ஆராய்ந்தார். உடலின் பிற இடங்களில் வைத்தால் விரைவில் அழிந்துவிடும் அத்துண்டு, மூளையில் அவ்வாறு தள்ளப்படவில்லை. இதைக்கொண்டு, மூளை நோய்த்தடுப்புப் படையின் ஆட்சிக்கு உட்படாத தனி நாடு என்ற எண்ணம் வலுப்பெற்றது. நோய்த்தடுப்பு நூலார் மூளையைப் பார்க்கவில்லை. மூளை நூலார் நோய்த்தடுப்பைப் பார்க்கவில்லை. நான் மாணவனாக இருந்தபோது எனக்கு வாய்த்த பாடநூலிலும் மைக்ரோகிளியாவுக்கு ஒரு வரியே இருந்தது. மூளை புண்பட்டால் குப்பையை அள்ளுபவை என்று அவ்வரி கூறியது. அது பொய்யன்று, ஆனால் அது யானை மட்டுமே.

இதற்கிடையில், மூளை எவ்வாறு வளர்கிறது என்று ஆராய்ந்தவர்கள் வேறொரு புதிரை எதிர்கொண்டனர். வளர்ச்சி என்றால் கூடுதல் என்றுதானே நாம் நினைப்போம்? மூளையோ முதலில் மிகுதியாகப் படைத்துக்கொண்டு, பிறகு பலவற்றைக் கழித்துவிடுகிறது. ஒரு நரம்பணு மற்றொரு நரம்பணுவுக்குச் செய்தி சொல்லும் இடத்தை நரம்பிணைப்பு என்கிறோம். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்பவர் மூளையின் முன்பகுதியிலிருந்து எடுத்த சிறு துண்டுகளில் நரம்பிணைப்புகளை எண்ணி, 1979-இல் முடிவை வெளியிட்டார். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தையின் மூளையில் அவற்றின் நெருக்கம் வளர்ந்தவர் மூளையில் உள்ளதைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதி! இரண்டு வயது முதல் பதினாறு வயது வரையில் அது படிப்படியாகக் குறைகிறது. பள்ளிப் பருவம் முழுவதும், நாம் கற்றுக்கொண்டே இருக்கும் காலத்தில், மூளை இணைப்புகளை இழந்துகொண்டும் இருக்கிறது.

இது நட்டம் அன்று. நம் ஊர் வாழைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். தாய் மரத்தின் அடியில் பக்கக் கன்றுகள் பல முளைக்கும். எல்லாவற்றையும் வளரவிட்டால் ஒன்றும் நல்ல குலை தள்ளாது. தோட்டக்காரர் ஒன்றை நிறுத்திப் பிறவற்றை வெட்டிவிடுவார். மூளையிலும் பயன்படும் இணைப்பு வலுப்பெறுகிறது, பயன்படாதது நீங்குகிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இளமையில் மூடி வைத்தால், மூளையில் அக்கண்ணுக்குரிய பங்கு குறைந்துபோவதை ஹியூபெல், வீசல் என்னும் இருவர் 1960-களில் காட்டி, 1981-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். ஆனால் கன்றை வெட்டும் தோட்டக்காரர் யார்? கழிக்கப்பட்ட இணைப்பு எங்கே போகிறது? தலைப்பிரட்டையின் வாலைப்பற்றி எழுந்த அதே கேள்வி, நூறாண்டு கழித்து மூளையில் எழுந்தது.

விடைக்கு வழி திறந்தது 2005-ஆம் ஆண்டு. அதுவரை இறந்த மூளையின் சீவல்களையே பெரிதும் பார்த்துவந்தனர். அவ்வாண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள், உயிருள்ள சுண்டெலியின் மூளையில் ஒளிரும்படி செய்த மைக்ரோகிளியாவைப் புதுவகை நுண்காட்டியால் நேரே கண்டன. உறங்கிக் கிடப்பவை என்று எண்ணப்பட்ட அவ்வணுக்கள் சிறிதும் ஓய்ந்திருக்கவில்லை. உடல் நின்ற இடத்தில் நிற்க, கிளைகள் மட்டும் நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. சில மணி நேரத்தில் மூளை முழுவதையும் அவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடும் என்று கணக்கிட்டனர். நோய் இல்லாதபோது அவை எதைத் தொட்டுப் பார்க்கின்றன?

2007-இல் அமெரிக்காவில் பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரஸ் முதலியோர் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். நம் இரத்தத்தில் ‘நிறைவுப் புரதங்கள்’ என்னும் பொருள்கள் உள்ளன. கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு, “இதனை விழுங்குக” என்று விழுங்கணுவுக்கு அடையாளம் காட்டுவது அவற்றின் தொழில்களுள் ஒன்று. இவற்றை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜூல் போர்தே, பாரிசில் மெச்னிகாவின் ஆய்வகத்தில் பயின்றவரே. அதே புரதங்கள் வளரும் மூளையிலும் இருக்கின்றன, இளம் நரம்பிணைப்புகளில் தங்குகின்றன, அவை இல்லாத சுண்டெலிகளில் மிகையான இணைப்புகள் சரிவர நீங்குவதில்லை என்பதை அக்குழுவினர் கண்டனர். கிருமிக்கு இடும் குறியே நீக்கத்தக்க இணைப்புக்கும் இடப்படுகிறது!

குறியிட்டாயிற்று, விழுங்குபவர் யார்? 2011-இல் ரோமுக்கு அருகிலுள்ள ஓர் ஆய்வகத்தில் ரோசா பாவோலிசெல்லியும் கார்னேலியஸ் கிராசும் உடன் உழைத்தோரும், இளஞ்சுண்டெலியின் மைக்ரோகிளியாவுக்குள் நரம்பிணைப்பின் துணுக்குகள் கிடப்பதைக் காட்டினர். 2012-இல் டாரதி ஷேஃபரும் ஸ்டீவன்சும் குழுவினரும் கண்ணிலிருந்து மூளைக்கு வரும் நரம்புகளை ஆராய்ந்தனர். பிறந்த சில நாட்களில் வலக்கண்ணின் இழைகளும் இடக்கண்ணின் இழைகளும் ஒன்றன்மேலொன்று படர்ந்து கிடக்கும். பிறகு தனித்தனியே பிரியும். பிரியும் அந்த நாட்களில் மைக்ரோகிளியா அவ்விழைகளின் முனைகளை விழுங்குகின்றன. நரம்பின் இயக்கம் குறைந்த கண்ணின் இழைகளையே மிகுதியாக விழுங்குகின்றன. குறியைப் படிக்கும் வாய்ப்பை அவற்றிடமிருந்து நீக்கிவிட்டால், மிகை இழைகள் எஞ்சி நிற்கின்றன. கையை எடுத்தாயிற்று, காளையும் தெரிந்தது.

இவ்வணுக்களின் பிறப்பிடமும் அதே காலத்தில் தெளிவாயிற்று. 2010-இல் ஃபிளோரான் ஜின்ஹூ, மிரியம் மேராத் முதலியோர், மைக்ரோகிளியாவின் முன்னோர் கருவின் மிகத் தொடக்க நாட்களில், கருவை ஒட்டியுள்ள மஞ்சட்கருப் பையில் தோன்றி, அங்கிருந்து மூளையை அடைகின்றனர் என்பதைச் சுண்டெலியில் நிறுவினர். எலும்பின் சோறு இரத்த அணுக்களைப் படைக்கத் தொடங்குவதற்கு முன்னமே அவை புறப்பட்டுவிடுகின்றன. மனிதக் கருவிலும் முதல் சில வாரங்களிலேயே இவை மூளையில் காணப்படுகின்றன. ஓர்தேகா வழியைப்பற்றிச் சொன்னதில் திருத்தம் வேண்டியிருந்தாலும், இவை வெளியிலிருந்து குடிபுகுந்தவை என்று சொன்னது மெய்யாயிற்று. கோயில் எழும்புமுன் கல்தச்சர் ஊருக்கு வந்து கூடாரம் அடிப்பதுபோல, மூளை உருவாகுமுன்னரே இவை வந்து காத்திருக்கின்றன.

வெட்டுவது மட்டுமே இவற்றின் தொழில் என்று எண்ணிவிடலாகாது. தாமாக மடியும் இளம் நரம்பணுக்களை அகற்றுகின்றன. சில இடங்களில் நரம்பணுக்களுக்கு ஊட்டமான பொருளைச் சுரந்து அவற்றைப் பிழைக்கவும் வைக்கின்றன. இவை அறவே இல்லாவிட்டால் என்னாகும்? அத்தகைய துயரத்தையும் மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. மைக்ரோகிளியா உயிர்வாழ்வதற்கு வேண்டிய ஒரு மரபுக்கூறு, தாய் தந்தை இருவழியிலும் பழுதுபட்டுப் பிறந்த குழந்தைகளைப்பற்றி 2019-இல் அறிக்கை வெளிவந்தது. அவர்களுள் ஒரு குழந்தையின் மூளையை ஆராய்ந்தபோது மைக்ரோகிளியா அறவே இல்லை எனலாம். மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பெரிய நரம்புப் பாலமும் உருவாகியிருக்கவில்லை. காவலர் இல்லாத ஊரில் திருடர் வருவர் என்பதை நாம் அறிவோம். இங்கோ காவலர் இல்லாததால் ஊரே கட்டப்படவில்லை.

அறிவியலில் ஒரு புதிய உண்மை கிடைத்தவுடன், எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றிவிடும் ஆசை உண்டாகும். அது மற்றொரு கையால் மறைப்பதாகும். இணைப்பைக் கழிக்கும் வேலையில் விண்மீன் வடிவப் பசையணுக்களும் பங்குகொள்கின்றன என்பது 2013-இல் காட்டப்பட்டது. மூளையின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே முறை நடப்பதில்லை. மேலும், நான் கூறிய சோதனைகளுட் பல சுண்டெலியில் நடந்தவை. சுண்டெலியின் மூளை வேறு. மனிதக் குழந்தையின் மூளை வேறு.

ஆகவேதான் மனிதக் கருவின் மூளையை நேரே அறிவது அவசியமாகிறது. அத்துறையில் நம் தமிழ்நாடு பின்தங்கி நிற்கவில்லை என்பதை மாணவர்கள் அறிந்து பெருமை கொள்ளலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022-இல் தொடங்கப்பெற்ற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தார், கர்ப்பத்தின் நடு மாதங்களைச் சேர்ந்த மனித மூளையை மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றையும் அணு அணுவாகத் தெரியும்படி படமெடுத்து, 5,132 சீவல்களின் படங்களை 2024 டிசம்பரில் உலகத்தார் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டனர். ‘தரணி’ என்பது அத்தொகுப்பின் பெயர். ஓர்தேகா ஒரு சீவலைச் சாயத்தில் நனைத்துத் தனியே குனிந்து பார்த்த வேலைதான், இங்கே கணிப்பொறிகளின் துணையோடு ஊர் முழுவதையும் அளக்கும் நிலப்படமாக விரிந்திருக்கிறது. எந்த வாரத்தில் எந்தத் தெரு அமைந்தது என்று தெரிந்தால்தான், எந்தத் தெருவில் எந்தத் தச்சர் என்ன செய்தார் என்று கேட்க முடியும். அவ்வினாக்களைக் கேட்கப்போவது இன்று பள்ளியில் இருக்கும் உங்கள் தலைமுறை.

“இதனால் நமக்கு என்ன?” என்று ஒருவர் கேட்கலாம். நன்றாகக் கேட்கட்டும். காவலரும் சிற்பியரும் ஒருவரே என்றால், அதில் ஓர் அபாயமும் அடங்கியிருக்கிறது. ஊருக்குள் கலகம் மூண்டால் காவலர் கலகத்தை அடக்க ஓடுவர். அவரே சிற்பியருமாதலால், அந்நேரம் செதுக்குகிற வேலை தடுமாறலாம். கருவுற்ற சுண்டெலிக்கு நோய்க் கிருமி வந்தாற்போன்ற நிலையைச் செயற்கையாக உண்டாக்கினால், தாயின் உடலில் எழும் நோய்த்தடுப்புச் செய்திகள் குட்டியின் மூளை வளர்ச்சியை மாற்றக்கூடும் என்பதை, கலிபோர்னியாவில் பால் பேட்டர்சனின் குழுவினர் 2007-இல் காட்டினர். காய்ச்சல் கண்ட தாய்க்கெல்லாம் பிள்ளை பழுதுபடும் என்பது இதன் பொருளன்று. அங்ஙனம் எண்ணி எந்தத் தாயும் அஞ்ச வேண்டுவதில்லை. எவரும் எந்தத் தாயையும் பழிக்கவும் கூடாது. கர்ப்பிணியின் உடல்நலம் அவளுடைய நலம் மட்டுமன்று என்பதே இதன் பொருள்.

தாயின் நோய் கருவைத் தொடும் என்பது புதிய செய்தியுமன்று. 1941-இலேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கர்ப்ப காலத்தில் ரூபெல்லா என்னும் அம்மை கண்ட தாய்மாரின் குழந்தைகள் கண்ணில் புரையோடு பிறப்பதைக் கண்டறிந்தார். அந்த அம்மை கண்ணை மட்டுமன்றிச் செவியையும் இருதயத்தையும் மூளையையும் தாக்கவல்லது. நம் நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, முதற்கட்டத்திலேயே தமிழ்நாடும் இடம்பெற்றது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த ஊசி இடப்பட்டது. பள்ளியில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்ட சிறுமி, தன் கையைத் தேய்த்துக்கொண்டு அழுதிருப்பாள். அன்று அவள் காத்துக்கொண்டது தன்னை மட்டுமன்று. பல ஆண்டுகளுக்குப் பின் தன் வயிற்றில் உருவாகக்கூடிய ஒரு சிறு மூளையையும் அவள் காத்துக்கொண்டாள். மூளையின் சிற்பியர் கலவரமின்றி வேலை செய்ய, வெளியே இருக்கும் நாம் செய்யத்தக்க உதவி இதுவே: தாய்க்கு நல்லுணவு, தூய நீர், காலத்தில் மருத்துவம், காலத்தில் தடுப்பூசி.

இந்த வரலாற்றிலிருந்து மாணவர் கற்கவேண்டிய வேறொரு பாடமும் உண்டு. பெயர் வைப்பது அறிவின் தொடக்கம். ஆனால் அதுவே அறிவின் முடிவாகிவிடக் கூடாது. ‘பசை’ என்று பெயரிட்டபோது, பசை என்ன செய்யும் என்று கேட்க எவரும் முற்படவில்லை. ‘காவலர்’ என்று பெயரிட்டபோது, காவலருக்கு வேறென்ன வேலை இருக்கும் என்று கேட்கவில்லை. வாலை விழுங்கும் அணுவை 1883-லேயே ஒருவர் கண்டிருந்தும், மூளையில் அதே செயலைக் காண ஏறத்தாழ 130 ஆண்டுகள் சென்றன. கருவி இல்லாமை ஒரு காரணம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாமை மற்றொரு காரணம். கருவியை வாங்கலாம். கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும்.

தாராசுரத்திற்கு மீண்டும் போவோம். அந்தச் சிற்பத்தைச் செதுக்கியவர் பெயரை நாம் அறியோம். அவர் கல்லில் எதையும் சேர்க்கவில்லை, வேண்டாததை நீக்கினார். நீக்க நீக்க யானை வந்தது, காளையும் வந்தது. ஓர் உளி வெட்டு மிகுந்திருந்தால் இரண்டுமே போயிருக்கும்; குறைந்திருந்தால் இரண்டுமே தோன்றியிரா. நாம் ஒவ்வொருவரும் தாய் வயிற்றில் இருந்தபோதும், தவழ்ந்து நடைபழகியபோதும், பெயரறியாத சிற்பியர் நம் மூளைக்குள் அவ்வாறே பார்த்துப் பார்த்துச் செதுக்கினர். இன்று இச்சொற்களை நீங்கள் கேட்டு, நினைத்து, ஐயுற்று, மறுகேள்வி கேட்க முடிகிறதென்றால், அதில் அவர்களுக்கும் பங்குண்டு. அடுத்தமுறை அக்கோயிலுக்குச் செல்லும்போது யானையைப் பாருங்கள்; காளையைப் பாருங்கள்; பிறகு கையை எடுத்துவிட்டு இரண்டையும் ஒருங்கே பார்க்கப் பழகுங்கள்.